சாட்டிலைட் படம் இருக்கும்போது பள்ளம் வெட்டுவது எதற்கு?

ஜூன் 4, காலை (ஒரு வாசகரின் கேள்வி)

"30 செ.மீ. தெளிவில் செயற்கைக்கோள் படம் கிடைக்கிற காலம் இது. நிலநடுக்கத்தில் நிலம் அறுபட்டு நகரும் பிளவு எந்த வழியாகப் போகிறது, அதைத் தாண்டும் ஓடை எத்தனை மீட்டர் நகர்ந்திருக்கிறது என்பதையெல்லாம் மேசையில் உட்கார்ந்தே அளந்துவிடலாம். அப்படியிருந்தும் பழைய நிலநடுக்கங்களை ஆராய்கிறோம் என்று பொக்லைன் வைத்துப் பள்ளம் வெட்டுகிறார்கள், வாரக்கணக்கில் வெயிலில் காய்கிறார்கள். பழக்கதோஷம் தவிர வேறு காரணம் உண்டா?"

ஜூன் 4, இரவு

உண்டு. பிளவு எங்கே இருக்கிறது என்று படம் சொல்லும், எவ்வளவு நகர்ந்தது என்றும் ஓரளவு சொல்லும். எப்போது, எத்தனை தடவை என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. ஓர் ஓடை பிளவைத் தாண்டும் இடத்தில் 12 மீட்டர் வலப்பக்கமாக விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நடுக்கத்தில் 12 மீட்டரா, மூன்று நடுக்கங்களில் நான்கு நான்காகச் சேர்ந்ததா, இல்லை ஓடை முதலிலிருந்தே அங்கே வளைந்துதான் ஓடியதா? மூன்றுமே படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்.

பள்ளத்தில் இறங்கினால் கதை வேறு. பிளவுக்குக் குறுக்கே மூன்று நான்கு மீட்டர் ஆழத்துக்கு வெட்டிச் சுவரைச் சுத்தம் செய்தால் மண் அடுக்குகள் தெரியும். கீழ் அடுக்குகள் அறுபட்டு மேலும் கீழுமாக நிற்கும், அதற்கு மேலே ஓர் அடுக்கு எதுவும் நடக்காததுபோல் முழுசாகப் படர்ந்திருக்கும். கிழிந்த விரிப்பின் மேல் புது விரிப்பைப் போட்டு மூடிய மாதிரி. அறுபட்ட கடைசி அடுக்குக்கும் அறுபடாத முதல் அடுக்குக்கும் நடுவில்தான் அந்த நிலநடுக்கம் நடந்திருக்கிறது. இப்படி எத்தனை இடங்களில் விரிசல்கள் மேலே வந்து நின்றுபோயிருக்கின்றன என்று எண்ணினால் எத்தனை நடுக்கம் என்று தெரிந்துவிடும். தத்துவம் அவ்வளவுதான், நடைமுறை இவ்வளவு சுலபமில்லை என்பது வேறு விஷயம்.

இந்த வேலைக்குப் பெயர்போன இடம் கலிபோர்னியாவில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் மேல் இருக்கிற பேலட் கிரீக். பழைய சதுப்பு நிலம், கரிமண்ணும் மணலும் மாறி மாறிப் படிந்தது. புவியியலாளர் கெர்ரி சீ அங்கே வெட்டிப் பார்த்து 1978-இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறையையே நிமிர்த்தி வைத்தது. எந்தக் கேமராவும் பறப்பதற்கு முன்னால் நடந்தவை எல்லாம் அந்தச் சுவரில் இருந்தன.

ஜூன் 5

"பள்ளச் சுவரில் கிடைக்கும் கரித்துண்டை வயது கணிக்கும் கார்பன்-14 சோதனைக்கு அனுப்பினால் நிலநடுக்கத்தின் தேதி வந்துவிடுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வராது. கரியின் வயது நடுக்கத்தின் வயதல்ல, அந்த மரம் உயிரோடு இருந்த காலம். நானூறு வருடம் நின்ற மரம் எரிந்து, அந்தக் கரி மலைச்சரிவில் இன்னும் சில நூறு வருடம் கிடந்து, பிறகு வெள்ளத்தில் அடித்துவந்து நம் அடுக்கில் படிந்திருக்கலாம். அதனால்தான் ஒரே அடுக்கில் ஐந்தாறு துண்டு எடுத்து, அவற்றில் இளையதை நம்புவார்கள். மரத்தண்டின் கரியைவிட விதையோ சிறு குச்சியோ கிடைத்தால் கொண்டாட்டம். கரியே இல்லாத வறண்ட மண்ணில் மணல் துகள் கடைசியாக எப்போது வெளிச்சம் பார்த்தது என்று அளக்கும் முறை உண்டு. அந்த மாதிரியை எடுக்கும்போது வெயில் படக்கூடாது, இரும்புக் குழாயைச் சுவரில் அடித்து இறக்கி, கறுப்பு பிளாஸ்டிக்கைச் சுற்றி எடுப்பார்கள். என்னைக் குழாய் அடிக்கச் சொன்ன நாளில் பாதிச் சுவர் சரிந்து, எங்கள் குழுத்தலைவர் பேசியதை இங்கே எழுத முடியாது.

ஜூன் 5, கொஞ்சம் கழித்து

பள்ளத்துக்குள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வெயிலில் சும்மா நிற்பதாக நினைக்கிறீர்கள் போல. பொக்லைன் பல் பட்ட சுவர் வழவழவென்று மெழுகிக் கிடக்கும், ஒன்றும் தெரியாது. கொத்துக்கரண்டியால் ஒரு விரல் கனம் செதுக்கி எடுக்க வேண்டும். பிறகு சுவர் முழுக்க ஒரு மீட்டருக்கு ஒரு நூல் என்று கட்டம் கட்டி, அடுக்குகள் சந்திக்கும் கோடு நெடுக ஆணி அடித்து, அடுக்குக்கு ஒரு நிறமாகச் சின்ன ரிப்பன் கட்டுவார்கள். சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். ஒருவர் இந்த விரிசல் இங்கேயே நின்றுவிட்டது என்பார், இன்னொருவர் இல்லை, இன்னும் ஒரு சாண் மேலே போகிறது என்று கரண்டியின் நுனியால் காட்டுவார். அந்த ஒரு சாணுக்குள் முன்னூறு வருடம் இருக்கும். ஈரம் காய்ந்துகொண்டே வரும்போது மண்ணின் நிறம் மாறும், காலையில் பார்த்த கோடு மதியம் காணாமல் போய்விடும், தண்ணீர் தெளித்தால் திரும்ப வரும். சில கோடுகள் எத்தனை தெளித்தாலும் வராது. அவை இருந்தனவா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

ஜூன் 7

இதுவரை பள்ளத்துக்கு வக்கீல் வேலை பார்த்துவிட்டேன், இனி எதிர்க்கட்சி.

கலிபோர்னியாவின் காரிசோ சமவெளியில் வாலஸ் கிரீக் என்று ஓர் ஓடை இருக்கிறது. சான் ஆண்ட்ரியாஸ் பிளவைத் தாண்டும் இடத்தில் அதன் தடம் 130 மீட்டர் விலகியிருக்கும், படத்தில் பார்த்தால் யாரோ வேண்டுமென்றே மடக்கி வைத்ததுபோல் இருக்கும். அந்த விலகல் சேர ஏறத்தாழ 3,700 ஆண்டுகள் ஆயின, அதாவது ஆண்டுக்கு 34 மி.மீ. பக்கத்திலுள்ள சின்னச் சின்ன நீர்க்கால்களில் ஒன்பதரை மீட்டர் அளவுக்கு விலகல் தெரிந்தது. அதெல்லாம் அதே பிளவில் வந்த 1857 நிலநடுக்கத்தின் வேலை, ஒரே வீச்சில் அவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று நேரில் நடந்து டேப் பிடித்து அளந்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள். அளந்ததில் குறையில்லை, திறமையான ஆட்கள். ஒன்பதரை மீட்டரை 34 மி.மீ.-ஆல் வகுத்தால் ஒரு பெரிய நடுக்கத்துக்கு 280 ஆண்டு ஆகிறது. அப்படியென்றால் அந்தப் பகுதிக்கு இன்னும் நூறு வருடத்துக்கு மேல் அவகாசம் இருக்கிறது என்று பலர் நிம்மதியாக இருந்தார்கள்.

பிறகு லைடார் வந்தது. விமானத்திலிருந்து லேசர் அடித்து நில உயரத்தை நெருக்கமாக அளந்து, கணினியில் அந்த நீர்க்கால்களைப் பின்னோக்கி நகர்த்திப் பொருத்திப் பார்த்தார்கள். தரையில் நிற்கும்போது கண்ணில் படாத, ஐந்து மீட்டர் மட்டுமே விலகிய சின்னத் தடங்கள் ஏராளமாக இருந்தன. 1857-இல் அங்கே நகர்ந்தது சராசரியாக 5 மீட்டர் சொச்சம்தான், ஒன்பதரை மீட்டர் என்பது ஒன்றுக்கு மேற்பட்ட நடுக்கங்களின் கூட்டு என்று 2010-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு, சில கிலோமீட்டர் தள்ளி பிடார்ட் ஃபேன் என்ற இடத்தில் பள்ளம் வெட்டியவர்களின் ஆய்வும் வந்தது. நிலத்தைக் கிழித்த நடுக்கங்களுக்கு இடையே சராசரி 88 ஆண்டுதான் என்றது. 280 எங்கே, 88 எங்கே? ஐந்து மீட்டர் கணக்கில் வகுத்தாலும் ஏறத்தாழ 150 வருகிறது. மிச்சத்தைச் சின்ன நகர்வோடு வந்துபோன நடுக்கங்கள் நிரப்பியிருக்க வேண்டும்.

ஆக அங்கே தரையில் நின்ற கண்ணை வானத்திலிருந்து வந்த அளவு திருத்தியது, அதற்குச் சாட்சி சொல்ல வந்ததோ மறுபடியும் ஒரு பள்ளம். கேள்வி கேட்டவருக்கு அரை மதிப்பெண் கொடுத்தாகிவிட்டது.

ஜூன் 7, இரவு

படத்தில் நேர்கோடு எதைப் பார்த்தாலும் பிளவு என்று சிவப்புக் கோடு போடுகிறவர்களுக்காக: பழைய வாய்க்கால், ஆட்டுத்தடம், குழாய் புதைத்த தடம், வயல் வரப்பு, வற்றிப்போன ஏரியின் கரை, ஆறு விட்டுப்போன பழைய கரைப்படி, பாறை விரிசலுக்குள் எரிகுழம்பு புகுந்து சுவராக உறைந்த டைக், கைவிட்ட ரயில் பாதை. எங்கள் குழுவில் ஒருவர் மூன்று கிலோமீட்டர் நீள ஸ்கார்ப் கண்டுபிடித்து, அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார். நேரில் போனால் அதன் மேலே வரிசையாக மதகு. பெயர் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது, மதகுக்கு.

(ஸ்கார்ப் என்றால் பிளவு நிலத்தின் ஒரு பக்கத்தை மேலே தூக்கிவிட்டதால் நிற்கும் படி. கேட்டவர்களுக்காக.)

ஜூன் 10

"நேரில் டேப் பிடித்து அளப்பதுதான் கடைசிச் சொல்" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். இல்லை. கலிபோர்னியா பாலைவனத்தில் 1992 ஜூன் 28-இல் நடந்த லாண்டர்ஸ் நிலநடுக்கம் 7.3 அளவு. வேலியும் சாலையும் எத்தனை மீட்டர் விலகின என்று ஆட்கள் ஓடி ஓடி அளந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் எடுத்த வான்படங்களைப் பல வருடம் கழித்துக் கணினியில் ஒப்பிட்டபோது, மொத்த நகர்வில் ஏறத்தாழ பாதி பிளவின் கோட்டில் இல்லவே இல்லை என்று தெரிந்தது. இரண்டு பக்கமும் அகலமாகப் பரவி, நிலமே கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து அதை வாங்கிக்கொண்டிருக்கிறது. பிளவின் மேல் நின்று டேப் பிடித்தவருக்கு அது எப்படித் தெரியும்? வேலி நூறு மீட்டர் தூரத்துக்கு இலேசாக வளைந்திருப்பதைக் கண் நேர்கோடாகவே எடுத்துக்கொள்ளும்.

இதன் விளைவு கொஞ்சம் சங்கடமானது. பழைய நடுக்கங்களை ஓடை விலகலை வைத்து அளக்கும்போதும் இதே குறை உள்ளே இருக்கும். நேரில் அளந்த எண்ணை நடுக்கத்தின் பருமனாக மாற்றினால் குறைவாகத்தான் வரும்.

ஒப்பிடும் முறையும் தெரிந்துகொள்ள வேண்டியது. நடுக்கத்துக்கு முன் எடுத்த படம், பின் எடுத்த படம் இரண்டையும் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரமும் எங்கே போயிற்று என்று கணினி தேடும். ஒரு பிக்சலில் பத்தில் ஒரு பங்கு நகர்வைக்கூடப் பிடித்துவிடும். அதாவது 10 மீட்டர் பிக்சல் உள்ள, இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டே ஒரு மீட்டர் நகர்வைப் பார்க்கலாம். 2013 செப்டம்பர் 24 பலுசிஸ்தான் நடுக்கம் 200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழித்ததையும், சில இடங்களில் பத்து மீட்டர் அளவுக்கு நகர்ந்ததையும், சென்டினல்-2 பறப்பதற்கு முன்பே, வேறு செயற்கைக்கோள் படங்களை இதே முறையில் ஒப்பிட்டுத்தான் அளந்தார்கள். பல மாதம் நடந்தாலும் முடியாத நிலப்பரப்பு அது. (அந்த நடுக்கத்தில் குவாதர் கடற்கரைக்கு எதிரே கடலிலிருந்து ஒரு சேற்றுத் தீவு எழும்பியது, சில வருடங்களில் அலை அதைக் கரைத்துவிட்டது.)

ரேடார் இன்னும் நுட்பம். முன்னும் பின்னும் எடுத்த ரேடார் படங்களை ஒப்பிட்டால் நகர்வு வண்ண வளையங்களாகத் தெரியும், சென்டினல்-1 செயற்கைக்கோள் படங்களில் ஒரு வளையம் 2.8 செ.மீ. நகர்வு. ஆனால் பிளவுக்கு மிக அருகில், நமக்கு அதிகம் வேண்டிய இடத்தில், நிலம் தாறுமாறாக உடைந்திருப்பதால் வளையங்கள் கலைந்து வெறும் புள்ளிக்குழப்பமாகிவிடும்.

ஜூன் 11

குஜராத்தின் கச்சு பற்றிக் கேட்டவருக்கு. 2001 ஜனவரி 26 பூஜ் நடுக்கம் 7.6-க்கு மேல். அத்தனை ஆயிரம் பேர் இறந்தார்கள், ஊர்கள் தரைமட்டமாயின. ஆனால் பிளவு மேலே வரவே இல்லை. ஆழத்திலேயே நகர்ந்து ஆழத்திலேயே நின்றுவிட்டது. மேலே தெரிந்ததெல்லாம் மண் விரிசல்களும், அடியில் இருந்த ஈரமணல் அழுத்தத்தில் பீய்ச்சி வந்த மணல் கொப்பளிப்புகளும்தான். ரண் என்ற உப்புச் சதுப்புப் பகுதியில் அப்படி வெளிவந்த தண்ணீர் செயற்கைக்கோள் படத்திலேயே தெரிந்தது, சில நாளில் காய்ந்தும் போயிற்று.

அதே கச்சில் 1819 ஜூன் 16-இல் நடந்தது நேர்மாறு. 80 கிலோமீட்டருக்கு மேல் நீளம், சில இடங்களில் ஆறு மீட்டர் உயரம் என்று ஒரு மேடு எழும்பி, ஆற்றையே மறித்தது. ஆண்டவன் கட்டிய அணை என்று மக்கள் அல்லா பந்த் என்றார்கள். தெற்கே நிலம் தாழ்ந்து சிந்ரி கோட்டை தண்ணீரில் மூழ்கியது. 1826-இல் ஒரு வெள்ளம் அந்த மேட்டை உடைத்துக்கொண்டு ஓடியது. இருநூறு வருடத்துக்குப் பிறகும் அல்லா பந்த் படத்தில் தெரிகிறது. பூஜுக்கு அப்படி எதுவும் இல்லை. இருநூறு வருடம் கழித்து ஒருவர் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு கச்சின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் 2001-ஐக் கோட்டைவிட்டிருப்பார். பள்ளம் வெட்டுகிறவருக்கு மணல் கொப்பளித்த குழாய் ஒன்றாவது சிக்கலாம், அதுவும் சரியான இடத்தில் வெட்டினால்.

ஜூன் 14

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். பள்ளம் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று தொனித்திருந்தால் இமயமலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1934 ஜனவரி 15 பீகார்-நேபாள நடுக்கம் எட்டுக்கு மேல். வெகுகாலம் அது நிலத்தைக் கிழிக்கவில்லை, பூஜ் போல உள்ளேயே நின்ற வகை என்றுதான் நினைத்தார்கள். கிழக்கு நேபாளத்தில் சிர் கோலா என்ற ஓடை மலையடிவாரத்தை அறுத்துக்கொண்டு ஓடுகிற இடத்தில் அதன் கரைச்சுவரைச் சுத்தம் செய்து, பள்ளமும் வெட்டிப் பார்த்தவர்கள், 1934-இல் நிலம் கிழிந்திருக்கிறது, அதற்கு முன் 1255-இலும் கிழிந்திருக்கிறது என்று 2013-இல் காட்டினார்கள். 1255 ஜூன் மாத நடுக்கம்தான் காத்மாண்டு அரசர் அபய மல்லரின் உயிரைக் குடித்தது. எழுதிவைத்த வரலாறும் மண்ணும் ஒரே இடத்தில் சந்திப்பது இந்தத் துறையில் அடிக்கடி கிடைக்காத அதிர்ஷ்டம்.

சரி, 2015 ஏப்ரல் 25 கோர்கா நடுக்கம்? 7.8. காத்மாண்டுப் பள்ளத்தாக்கே ஒரு மீட்டர் அளவுக்கு மேலே எழும்பியதை ரேடார் படங்கள் அழகாகக் காட்டின. மலையடிவாரத்தில் நிலம் கிழியவில்லை. ஆக ஆயிரம் வருடம் கழித்து அடிவாரத்தில் யார் பள்ளம் வெட்டினாலும் கோர்கா நடுக்கம் அங்கே இருக்காது. இதுபோல் இதற்கு முன் எத்தனை போயிருக்கும்? பள்ளச்சுவர் சொல்லும் எண்ணிக்கை எப்போதுமே குறைந்தபட்சம்தான்.

இன்னொன்று. அடிவாரம் பூராவும் சால் மரக்காடு. படத்தில் பச்சைக் கூரை மட்டும் தெரியும். ஸ்கார்ப் உள்ளேதான் இருக்கும், பத்து மீட்டர் உயரமுள்ளதுகூட. நடந்து போய் மூச்சு வாங்கும்போதுதான் ஏறிக்கொண்டிருக்கிறோம் என்றே தெரியும். உயரமான மரங்கள் நடுவே திடீரென்று நிலம் படியாக ஏறும், இருபக்கமும் அதே கூழாங்கல். அந்த மாதிரி ஒன்றின் மேல் நின்று கீழே பார்த்தபோது கால் கொஞ்சம் கூசியது, ஒத்துக்கொள்கிறேன்.

ஜூன் 15

புதுப் படம்தான் நல்ல படம் என்று யார் சொன்னது? இந்த வேலைக்குப் பழைய படம் தங்கம். அமெரிக்கா 1960-இலிருந்து 1972 வரை கொரோனா என்ற உளவுச் செயற்கைக்கோள்களை அனுப்பியது. எடுத்த ஃபிலிமை ஒரு பெட்டியில் போட்டுக் கீழே தள்ளிவிடும், பாராசூட்டில் இறங்கும் பெட்டியை விமானம் நடுவானில் கொக்கி போட்டுப் பிடிக்கும். 1995-இல் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட படங்களைப் பொதுவில் விட்டார்கள். நல்லதில் இரண்டு மீட்டர் தெளிவு, முன்னும் பின்னும் சாய்ந்த இரண்டு கேமரா இருந்ததால் உயரத்தையும் எடுக்கலாம். ஏவுகணைத் தளம் தேடிய படத்தில் இன்று நாம் பிளவு தேடுகிறோம். காரணம் எளிது: அப்போது அந்த இடங்களில் புல்டோசர் வரவில்லை, நகரம் வரவில்லை. இன்றைக்குப் பளிங்குபோல் 30 செ.மீ. படத்தில் அடுக்குமாடிகள் தெரிகிற இடத்தில், கொரோனா படத்தில் நீட்டாக ஒரு ஸ்கார்ப் கிடக்கும். அங்கே இனி பள்ளமும் வெட்ட முடியாது.

ஜூன் 19

கொஞ்சம் தடம் மாறுகிறேன். ஓடை இல்லாத இடத்தில் கட்டடம் கிடைத்தால் விடாதீர்கள். ஜோர்டான் ஆற்றின் கரையில், சாக்கடல் பிளவின் மேலேயே, சிலுவைப்போர் வீரர்கள் 1178-இல் ஒரு கோட்டை கட்ட ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டே சலாவுதீன் வந்து பிடித்துவிட்டார். அந்தக் கோட்டைச் சுவர் இன்று 2.1 மீட்டர் விலகி நிற்கிறது: 1202-இல் 1.6 மீட்டர், 1759-இல் அரை மீட்டர். பின்னாளில் அங்கே எழுந்த ஒரு மசூதி அந்த அரை மீட்டர் மட்டும் விலகியிருப்பதால்தான் கணக்கை இப்படிப் பிரிக்க முடிந்தது. கட்டிய தேதி எழுத்தில் இருக்கிறது, சுவர் முதலில் நேராகத்தான் இருந்தது என்பதிலும் சந்தேகமில்லை. ஓடை விலகலில் நாம் தலையை உடைத்துக்கொள்ளும் இரண்டு கேள்விகளும் இங்கே இல்லை. இதையும் படத்தில் பார்த்துப் பிடித்திருக்க முடியாது, தொல்லியல்காரர்கள் தோண்டினார்கள்.

ஜூன் 22

"கடைசியில் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியுமா, அதைச் சொல்லுங்கள்." நியாயமான எரிச்சல்.

இடத்தைப் பொறுத்தது. நியூசிலாந்தின் ஆல்பைன் பிளவில் ஹொகுரி கிரீக் என்ற இடத்தில் 8,000 ஆண்டுகளில் 24 நடுக்கங்கள் பதிவாகியிருக்கின்றன, சராசரி இடைவெளி 330 ஆண்டு, ஓரளவு ஒழுங்காகவே வந்திருக்கின்றன. கடைசியாக 1717. பேலட் கிரீக்கோ இதற்கு நேரெதிர். பத்து நடுக்கங்கள், சராசரி 132 ஆண்டு. ஆனால் இரண்டு மூன்றாகக் கூட்டமாக வரும், கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே இருநூறு முன்னூறு வருடம் மௌனம். 1812-க்கும் 1857-க்கும் நடுவே 45 வருடம்கூட இல்லை, அதற்குப் பிறகு இன்றுவரை அமைதி. அங்கே 132 என்ற சராசரியை வைத்துக்கொண்டு யாரும் நாள் குறிக்க முடியாது. சராசரி என்ற ஒற்றை எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வரும் கட்டுரைகளைக் கண்டால் எனக்கு அலர்ஜி. எண்ணிக்கை எத்தனை, ஒவ்வொரு தேதிக்கும் பிழை எவ்வளவு என்று முதலில் பாருங்கள்.

நாள் குறிக்காமலே பயன் உண்டு. அலாஸ்கா எண்ணெய்க் குழாய் டெனாலி பிளவைத் தாண்டுகிறது. 1970-களில் புவியியலாளர்கள் பிளவு எந்த இடத்தில் கிழியும், எவ்வளவு நகரும் என்று கணித்துக் கொடுத்தார்கள். பொறியாளர்கள் ஆறு மீட்டர் பக்கவாட்டு நகர்வைத் தாங்கும்படி குழாயை வழுக்கும் தாங்கிகளின் மேல் வைத்தார்கள். 2002 நவம்பர் 3-இல் 7.9 அளவில் வந்தது, அந்த இடத்தில் நிலம் நாலு மீட்டருக்கு மேல் நகர்ந்தது, எண்ணெய் சிந்தவில்லை. எந்த வருடம் வரும் என்று அவர்களுக்கும் தெரியாது.

ஜூன் 24

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். "சரி, இரண்டும் வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறேன். கையில் பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் எதற்கு?"

முதலில் நில உயரத்தைக் காட்டும் நல்ல படத்துக்கு. இரண்டு கோணங்களில் எடுத்த செயற்கைக்கோள் படங்களிலிருந்து நீங்களே செய்துகொள்ளலாம். அதில் கணினியிலேயே சூரியனைத் தாழ்வாக வைத்து நிழல் போட்டுப் பார்த்தால் ஒரு மீட்டர் படிகூட எழுந்து வரும். தப்பான இடத்தில் வெட்டிய பள்ளம் வெறும் பள்ளம். பிறகு ஒரே இடத்தில் பெரிதாக வெட்டுவதை விட்டுவிட்டுத் தள்ளித் தள்ளி இரண்டு மூன்று சின்னதாக வெட்டுங்கள், ஒன்றில் விட்டுப்போனது இன்னொன்றில் சிக்கும். மண் மெல்லமாகவும் அடிக்கடியும் படிகிற இடமாகப் பாருங்கள். வெறும் கூழாங்கல் கொட்டிய இடத்தில் நூறு நடுக்கம் வந்திருந்தாலும் ஒன்றுதான் தெரியும்.

வயது கணிக்கும் சோதனைக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பொக்லைன் வாடகையிலும் போக்குவரத்திலும் அதைக் கரைத்துவிட்டு, சுவர் நிறைய கரித்துண்டு இருந்தும் மூன்றை மட்டும் அனுப்பிய குழுக்களை எனக்குத் தெரியும். பக்கவாட்டுக்கு முட்டுக் கொடுக்காமல் ஆழமான பள்ளத்தில் ஆளை இறக்காதீர்கள், ஈரமணல் சொல்லிக்கொண்டு சரியாது. மூடும் செலவையும் கணக்கில் சேருங்கள், பலர் மறந்துவிடுகிறார்கள், நிலத்துக்காரர் மறப்பதில்லை.